பத்து நொடிப் பாட்டும் ஆடாசிட்டியும்: பாடுபவர்களுக்கான மதிப்புரை

மதுரையில் பாட்டுப் படிப்பவர்களுக்கு யாரைக் கேட்டுப் படிப்பது என்ற கவலையே கிடையாது. எம்.எஸ். சுப்புலட்சுமி, மதுரை மணி ஐயர், மதுரை சோமு, டி.எம். சௌந்தரராஜன் என்று இந்த ஊரில் பிறந்தோ இந்த ஊர்ப் பெயரைச் சுமந்தோ பாடியவர்களின் பதிவுகள் மட்டுமே ஒரு ஆயுளுக்குப் போதும். இதில் டி.எம்.எஸ். கதை பாடகர்களுக்கு முக்கியமானது. தியாகராஜ பாகவதரின் பாணியை அச்சு அசலாகப் பாடித்தான் அவர் திரைக்குள் நுழைந்தார். பிறகு அதே தொண்டை சிவாஜிக்கு ஒரு விதமாகவும் எம்.ஜி.ஆருக்கு வேறு விதமாகவும் பாடியது. நுணுக்கமாகப் பார்த்துப் பாடிப் பழகியவருக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு கைகூடும்.

சிக்கல் எங்கே என்றால், ஒரு பாட்டை நூறு தடவை கேட்டாலும் மெட்டு மட்டும் மனதில் நிற்கிறது, அசைவு நிற்பதில்லை. இன்னிசைக் குழுக்களில் "டி.எம்.எஸ். குரல்" என்று பேர் வாங்கியவர்கள் பலரும் அந்தக் குரலின் கனத்தைப் பிடித்துவிடுகிறார்கள். வல்லினத்தில் அவர் கொடுக்கும் அழுத்தம், வரிக்கு நடுவில் மூச்செடுக்கும் இடம், சங்கதியை (ஒரே வரியை மாற்றி மாற்றி மெருகேற்றிப் பாடும் வடிவத்தை) முடிக்கும் விதம் எல்லாம் நழுவிவிடும். இவற்றைப் பிரித்துக் கேட்க ஒரு கருவி வேண்டும். அதற்குத்தான் ஆடாசிட்டி. ஒலிப்பதிவுக்காரர்கள் இருபது வருடத்துக்கு மேலாகப் பயன்படுத்தும் இலவச மென்பொருள். 2000இல் வெளிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், கைப்பேசியில் ஓடாது. நிறுவியபின் இணையம் தேவையில்லை. பழைய லேப்டாப்பே போதும். அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். இதே பெயரில் வேறு எதையோ தலையில் கட்டும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன.

பாடுபவருக்கு இதில் பயன்படுவது நாலைந்து வசதிகள்தான். மற்ற மெனுக்களைத் திறக்கவே வேண்டாம்.

முதலில் வேகம். எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. திரையில் 'ப்ளே அட் ஸ்பீட்' என்று ஒரு நகர்த்தி இருக்கும். அதை இழுத்தால் வேகத்தோடு சுருதியும் இறங்கும். பாதி வேகத்துக்குப் போனால் ஒரு ஸ்தாயியே இறங்கிவிடும். எம்.எஸ். குரல் ஆண்குரலாகக் கேட்கும். அதை விட்டுவிடுங்கள். வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல்-டி அழுத்திப் புதிய டிராக்கில் நகல் எடுத்து, அந்த நகலின் மேல் எஃபெக்ட் மெனுவில் உள்ள 'சேஞ்ச் டெம்போ'வைப் போடுங்கள். சுருதி அப்படியே நிற்கும், காலம் மட்டும் நீளும். சதவீதக் கட்டத்தில் -30 கொடுத்தால் பத்து நொடிப் பகுதி பதினான்கு நொடியைக் கொஞ்சம் தாண்டும்; -50 கொடுத்தால் இருபது நொடி.

எவ்வளவு குறைக்கலாம்? சாதாரணச் சங்கதிகளுக்கு -25 முதல் -35 வரை. ஸ்வரங்கள் வேகமாக உதிரும் பிருகாவுக்கு -50. அதற்குக் கீழே போனால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல ஒலி இழுபடும், 'க', 'ட' போன்ற எழுத்துகள் இரண்டு தடவை தட்டுவதுபோல விழும். அந்த ஒலியைக் கேட்டுப் பாடினால் பாடகர் பாடாத ஒன்றை நீங்கள் படித்துக்கொள்வீர்கள். அதே பெட்டியில் உயர்தர நீட்சிக்கு ஒரு டிக் கட்டம் இருக்கிறது. போட்டால் கணக்கிட நேரம் பிடிக்கும். குரல் வழவழப்பாக வரும், மிருதங்கத்தின் அடி மட்டும் கரைந்துபோகும். ராகம் பாடும் பகுதிக்கு டிக் போடுங்கள். பாட்டு தாளத்தில் தொடங்கும் இடமான எடுப்பைப் படிக்கும்போது டிக்கை எடுத்துவிடுங்கள். 3.4 பதிப்புக்குப் பிறகு, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு கிளிப்பின் ஓரத்தை இழுத்தாலும் காலம் நீளும். வேகமான வழிதான், ஆனால் கையால் இழுப்பதால் நினைத்த சதவீதக் கணக்கில் சரியாக நிறுத்துவது கஷ்டம். பயிற்சிக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

அடுத்தது சுருதி. 'சேஞ்ச் பிட்ச்' வேகத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும். அது செமிடோன் கணக்கில் கேட்கும்; கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கு (வெள்ளையோ கறுப்போ) உள்ள தூரம் ஒரு செமிடோன். நமக்குப் பழக்கம் கட்டைக் கணக்கு. ஒரு கட்டை சி, ஒன்றரை சி-ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி-ஷார்ப், மூன்று இ, நான்கு எஃப், நாலரை எஃப்-ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி-ஷார்ப், ஆறு ஏ. அரைக் கட்டைக்கு ஒரு செமிடோன், முழுக் கட்டைக்கு இரண்டு. மூன்றிலிருந்து நான்குக்கு மட்டும் ஒன்றே ஒன்று, ஏனென்றால் மூன்றரைக் கட்டை என்று கீபோர்டில் ஒரு கட்டையே இல்லை. இதை மறந்து இரண்டு செமிடோன் ஏற்றிவிட்டு, "சுருதிப்பெட்டியோடு சேரவில்லை" என்று மென்பொருளைக் குறை சொல்பவர்கள் உண்டு.

இரண்டு செமிடோன் வரை மாற்றினால் குரல் குரலாகவே இருக்கும். அதற்கு மேல் போகக்கூடாது. ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்குரலை ஒரு கட்டைக்காரர் தன் சுருதிக்குக் கொண்டுவர எட்டு செமிடோன் இறக்க வேண்டியிருக்கும். வருவது மனிதக் குரலே அல்ல. ஸ்வரத்தோடு குரலின் நிறமும் சேர்ந்து இறங்கிவிடுவதுதான் காரணம். அப்படிப்பட்ட பதிவை அதன் சுருதியிலேயே விட்டுவிட்டு, கேட்டதை உங்கள் சுருதிக்கு நீங்களே மாற்றிப் பாடுவதுதான் நல்ல பயிற்சி. சங்கதியை ஸ்வர இடைவெளிகளாகப் புரிந்துகொண்டீர்களா, வெறும் ஒலியாக மனப்பாடம் செய்தீர்களா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பதிவின் சுருதியைக் கண்டுபிடிக்க 'அனலைஸ்' மெனுவில் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' இருக்கிறது. தம்புரா மட்டும் ஒலிக்கும் ஐந்தாறு நொடியைத் தேர்ந்தெடுத்து, அளவை 16384 என வைத்து, உயரமான முகடுகளின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் ஹெர்ட்ஸும் ஸ்வரப் பெயரும் காட்டும். ஒரு எச்சரிக்கை: தம்புராவில் அதிக உயரமாகத் தெரியும் முகடு ஷட்ஜமாகத்தான் இருக்கும் என்பதில்லை, பஞ்சமமாகவும் இருக்கலாம். சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் போட்டுக் காதால் சரிபார்த்தபிறகுதான் முடிவு செய்ய வேண்டும். பழைய 78 சுற்று இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவுகளில் இன்னொரு தொல்லை. தட்டு சுழன்ற வேகம் பதிவின்போதும் மறுபதிவின்போதும் ஒன்றாக இருந்திருக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே சுருதி தொங்கிக்கொண்டிருந்தால், பாடகர் மேல் பழி இல்லை. அங்கே மட்டும் 'சேஞ்ச் ஸ்பீட்' சரியான மருந்து. வேகமும் சுருதியும் சேர்ந்தே பிசகியவை, சேர்ந்தே திருத்த வேண்டும்.

இந்த மென்பொருளின் உண்மையான செல்வம், எந்த நேரத்தில் எந்த ஸ்வரம் ஒலிக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம். டிராக்கின் இடப்பக்கப் பட்டியலில் அலைவடிவத்துக்குப் பதில் இதைத் தேர்ந்தெடுத்தால் குரல் கோடுகளாகத் தெரியும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் வளைவாக எழும், அசைக்காமல் நீட்டி நிறுத்தும் கார்வை நேர்கோடாக ஓடும். ஆனால் முதலில் வரும் அமைப்பு பாட்டுக்கு உதவாது. ஸ்பெக்ட்ரோகிராம் செட்டிங்ஸில் அளவுகோலை லீனியர் ஆக்கி, கீழ் எல்லை 100, மேல் எல்லை 2000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 'விண்டோ சைஸ்', அதாவது ஒரு பார்வைக்கு எத்தனை ஒலி மாதிரிகளை எடுக்கிறது என்ற எண், மிக முக்கியம். நொடிக்கு 44100 மாதிரி கொண்ட பதிவில் 2048 என்றால் ஒவ்வொரு பார்வையும் 46 மில்லி நொடி; ஸ்வரத்தை ஏறக்குறைய 21 ஹெர்ட்ஸ் படிகளில்தான் பிரிக்கும். 8192 என்றால் ஸ்வரம் 5 ஹெர்ட்ஸ் வரை பிரிந்து துல்லியமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு பார்வையும் 186 மில்லி நொடி. நொடிக்கு எட்டு ஸ்வரம் விழும் பிருகாவில் ஒரு ஸ்வரத்தின் ஆயுளே 125 மில்லி நொடிதான். ஆக 8192 வைத்தால் பிருகா ஒரே பூச்சாகத் தெரியும். கார்வைக்கு 8192, கமகத்துக்கு 4096, பிருகாவுக்கு 2048 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள்.

2048 வைத்தால் ஸ்வரம் மங்கலாகத் தெரியுமே என்றால், அதற்கு வழி உண்டு. அடிக்கோட்டைப் பார்க்காமல், அதையும் சேர்த்து எண்ணிக் கீழிருந்து நாலாவதாக ஓடும் கோட்டைப் பாருங்கள். குரலின் ஒவ்வொரு மேற்கோடும் அடிக்கோட்டின் மடங்கு. அடிக்கோடு 200இலிருந்து 210க்கு அசைந்தால் நாலாவது கோடு 800இலிருந்து 840க்கு அசையும். பத்து ஹெர்ட்ஸ் அசைவு கண்ணுக்கு நாற்பதாகத் தெரிகிறது. தோடியின் காந்தாரம், சங்கராபரணத்தின் மத்யமம் எல்லாம் எங்கே தொடங்கி எங்கே திரும்புகின்றன, மேல் எல்லையில் எவ்வளவு நிற்கின்றன என்பது இப்படிப் பார்த்தால்தான் பிடிபடும். புதிதாகப் படிப்பவர்கள் கமகத்தை இரண்டு பக்கமும் சமமாக ஆட்டுவார்கள். பெரிய பாடகர்களின் கோட்டில் அந்தச் சமம் பெரும்பாலும் இருக்காது: ஒரு முனையில் தங்கல், மறுமுனையில் சும்மா தொட்டுவிட்டுத் திரும்பல். காது சொல்லாததைக் கண் சொல்லும் இடம் இது. இருந்தாலும் மூன்று முறையாவது கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் பிறகு திரையைப் பாருங்கள். திரையைப் பார்த்தே பாடப் பழகினால் திரை இல்லாத மேடையில் தடுமாற வேண்டிவரும்.

வயலின் கூடவே வருவதால் கச்சேரிப் பதிவில் கோடுகள் குழம்பும். வயலின் குரலை ஒரு கணம் பிந்தித் தொடரும், எழுத்து இடைவெளிகளில் அறுபடாமல் ஓடும். இந்த இரண்டு அடையாளத்தால் பிரித்தறியலாம். தொடங்குபவர்களுக்கு விருத்தம்தான் நல்ல பாடம். தாளக்கருவி இருக்காது, சொல் தெளிவாக இருக்கும், ஒரே வரியில் ராகத்தின் உருவம் வந்துவிடும். ஓதுவார்கள் பாடும் தேவாரப் பதிவுகள் அதைவிட எளிது.

டி.எம்.எஸ். பாட்டுக்கு ஸ்பெக்ட்ரோகிராமை விட்டுவிட்டு அலைவடிவத்துக்கு வாருங்கள். 'க்க', 'ட்ட', 'ற்ற' வரும் இடத்தைப் பெரிதாக்கினால், எழுத்து வெடிப்பதற்கு முன் குரல் அடைத்து நிற்கும் சின்ன மௌனம் தெரியும். சொல்லுக்குக் கனம் வருவது அங்கேதான். குரலைத் தடிமனாக்குவதால் வருவதில்லை. அந்த மௌனத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் நீளம் கீழே மில்லி நொடியில் காட்டும். அதே சொல்லை நீங்கள் பாடிப் பதிந்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் உங்கள் மௌனம் குட்டையாக இருக்கும். மூச்சையும் இப்படியே படிக்கலாம்: வரிகளுக்கு நடுவிலுள்ள அமைதியை 'ஆம்பிளிஃபை' செய்து கேட்டு, மூச்சு விழும் ஒவ்வொரு இடத்திலும் கண்ட்ரோல்-பி அழுத்தி லேபிள் ஒட்டுங்கள். பாடல் முழுவதும் ஒட்டி முடித்தால் அந்தப் பாடகரின் மூச்சுத் திட்டம் கையில் இருக்கும்.

கேட்பதோடு நிறுத்தினால் பாதிப் பலன்கூட இல்லை. மூலத்துக்கு அடியில் உங்கள் குரலைப் பதிய வேண்டும். ஷிஃப்ட்-ஆர் அழுத்தினால் புதிய டிராக்கில் பதியும்; வெறும் ஆர் அழுத்தினால் இருக்கிற டிராக்கின் வாலிலேயே ஒட்டிவிடும். கம்பி இயர்போன் கட்டாயம். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வருவதால், நீங்கள் தாளத்தில் பாடியிருந்தாலும் பதிவு பிந்தியே நிற்கும். அதைப் பார்த்து உங்கள் காலப்பிரமாணத்தைச் சந்தேகப்படுவீர்கள். கம்பியிலும் சிறு தாமதம் உண்டு. 'ஜெனரேட்' மெனுவில் 'ரிதம் டிராக்' ஒன்றை உருவாக்கி, இயர்போனை மைக்கின் மேல் வைத்துப் பதிந்து, மூல டிக் ஒலிக்கும் பதிவாகி வந்த அதே டிக் ஒலிக்கும் நடுவே எத்தனை மில்லி நொடி என்று அளந்து, அந்த அளவை அமைப்புகளில் உள்ள 'லேட்டன்சி காம்பென்சேஷன்' (தாமத ஈடு) கட்டத்தில் திருத்திவிடுங்கள். ஒரு முறை செய்தால் அதே கணினிக்கு, அதே இயர்போனுக்கு நிற்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். உச்ச ஒலி -6 டெசிபலைத் தொடாமல் பதியுங்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் மைக்குக்கும் இயர்போனுக்கும் தனித்தனி ஓட்டை இருக்கும். கைப்பேசி ஹெட்செட்டை நேராகச் செருகினால் மைக் வேலை செய்யாது. இரண்டாகப் பிரிக்கும் சின்னக் கம்பி ஒன்று வேண்டும். டவுன்ஹால் ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆடி, சித்திரை மாதங்களில் தெருவெல்லாம் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும்போது பதிவு உருப்படாது. அந்த நாட்களைக் கேட்பதற்கும் லேபிள் ஒட்டுவதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசியில் எடுத்துப்போக ஒரு பயிற்சிக் கோப்பு தயாரித்துக்கொள்வது இந்த மென்பொருளின் ஆகச்சிறந்த பயன் என்று சொல்வோம். பத்து நொடிச் சங்கதி ஒன்றை எடுங்கள். -30இல் மெதுவாக்கிய நகல், பிறகு பதினைந்து நொடி மௌனம், பிறகு அசல் வேகம், பிறகு பதினோரு நொடி மௌனம். மௌனத்தை 'ஜெனரேட்' மெனுவில் 'சைலன்ஸ்' போட்டு உருவாக்கலாம். இதை மூன்று தடவை ஒட்டினால் இரண்டரை நிமிடக் கோப்பு. எம்பி3ஆக ஏற்றுமதி செய்து, மௌனம் வரும்போது பாடுங்கள். கூடவே பாடுவதைவிட இது கடினம், அதனால்தான் பலன் அதிகம். கூடப் பாடும்போது அவர் குரல் உங்கள் பிழையை மூடிவிடுகிறது; மௌனத்தில் மூடுவதற்கு ஆள் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு சங்கதி போதும். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் இப்படி வெட்ட உட்கார்ந்தால் வெட்டுவதிலேயே பொழுது போய்விடும், பாட நேரம் இருக்காது.

சில வசதிகள் ஏமாற்றும். குரலைத் தனியாகப் பிரிக்கும் 'வோக்கல் ரிடக்‌ஷன்' இடது வலது பதிவுகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை வைத்து வேலை செய்வது. எம்.எஸ்.ஸின் பழைய இசைத்தட்டுகளும் 1950, 60களின் திரைப்பாடல்களும் பெரும்பாலும் மோனோ. இரண்டு பக்கமும் ஒன்றே. அதில் போட்டால் குரல் மட்டும் போகாது, எல்லாமே போய்விடும். விண்டோஸில் இன்டெல் தரும் ஓபன்வினோ செருகியைச் சேர்த்தால் மோனோவிலும் ஓரளவு பிரிக்கலாம், ஆனால் பழைய லேப்டாப் அதற்குத் திணறும். பிரிந்து வரும் குரலில், முக்கிய ஸ்வரத்தை ஒட்டித் தொட்டுப் போகும் மெல்லிய அநுஸ்வரங்கள் சில தேய்ந்திருக்கும் என்பதால் கமகம் படிக்க அதை நம்ப வேண்டாம். இரைச்சல் நீக்கியிலும் ஒரு குழி இருக்கிறது. அது முதலில் இரைச்சலின் மாதிரி கேட்கும். பாட்டு தொடங்குமுன் தம்புரா ஒலிக்கும் இடத்தைக் காட்டினால் தம்புராவையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு, குரலின் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து அரித்துவிடும். ஊசி உரசல் மட்டும் கேட்கும் இடத்தைக் காட்டுங்கள், 6 டெசிபலுக்கு மேல் நீக்க வேண்டாம்.

கோப்பின் அளவும் கவனிக்க வேண்டியது. ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 எம்பி பிடிக்கும்; நாலு நிமிடப் பாட்டு 85 எம்பி, ஒவ்வொரு நகலும் அதன் மேல் ஏறும். பத்து நொடிப் பகுதியைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு மோனோவாக்கினால் பிரச்சினை இல்லை. படிப்புக்கு ஸ்டீரியோவால் ஒரு லாபமும் கிடையாது.

தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கதி, காலம், உச்சரிப்பு, மூச்சு, முடிப்பு இவற்றை அப்படியே எடுங்கள். குரலின் நிறத்தை எடுக்கப் பார்க்காதீர்கள். மதுரை சோமுவின் கனமோ டி.எம்.எஸ்.ஸின் கணீர் ஒலியோ வர வேண்டும் என்று கழுத்தை இறுக்கினால் முதலில் மேல் ஸ்தாயி போகும், பிறகு குரல் கம்மும். அவர்கள் உச்சத்தைத் தொட்ட சுருதியில் நீங்களும் தொட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் பாடினால் பத்து நிமிடம் கேளுங்கள். கரகரப்பு தெரிந்த அன்று பாடாமல் லேபிள் வேலை மட்டும் பாருங்கள். அது இரண்டு மூன்று வாரம் தாண்டியும் போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெறுமனே மெதுவாகக் கேட்டால் போதும் என்பவர்களுக்கு விஎல்சி பிளேயரே வேகத்தைக் குறைத்துத் தரும், சுருதி மாறாது. ஆடாசிட்டியை நிறுவ வேண்டியதில்லை. குரு இல்லாமல் இதை வைத்தே பாட்டுக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைக்கவே மாட்டோம். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் திரை காட்டும். வாயையும் வயிற்றையும் எப்படி மாற்றினால் அது சரியாகும் என்பதை எதிரில் உட்கார்ந்து கேட்பவர்தான் சொல்ல முடியும். வகுப்புக்குப் போகிறவர்கள், பசுமலை அரசு இசைக் கல்லூரியில் படிப்பவர்கள், குழுக்களில் பாடிக்கொண்டே மெருகேற்ற நினைப்பவர்கள் தாராளமாக நிறுவலாம். ஒட்டிய லேபிள்களைச் சாதாரண எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. எந்த நொடியில் எந்தச் சங்கதி சறுக்குகிறது என்று தமிழிலேயே குறித்து, அந்தக் கோப்பையும் இரண்டு குரலும் அருகருகே உள்ள எம்பி3யையும் ஆசிரியருக்கு முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், வகுப்பில் நேராக அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.